நுரை வரவில்லை, நாற்றம் வருகிறது, கல் வெளுத்துவிட்டது: வீட்டுத் துப்புரவுக் கரைசல்களைச் சரிசெய்யும் வழிமுறை

எங்கள் தெருவில் யாராவது ஒரு பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்து, "அக்கா, நீங்க சொன்ன மாதிரிதான் போட்டேன், ஒண்ணும் ஆவல" என்றால், நான் முதலில் செய்முறையைக் கேட்பதில்லை. "எந்தத் தண்ணியில போட்டீங்க?" என்றுதான் கேட்பேன். வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் ஒரு வீட்டிலேயே மூன்று தண்ணீர் இருக்கிறது: மாடி டேங்கில் போர் தண்ணீர், சம்ப்பில் காவிரிக் கூட்டுக்குடிநீர், சமையலறையில் ஆர்.ஓ. தண்ணீர். ஒரே சோப்பை மூன்றிலும் தேய்த்துப் பாருங்கள், மூன்று விதமாக நுரைக்கும்.

இணையத்தில் வரும் செய்முறைகள் பெரும்பாலும் தப்பில்லை. அவை வேறு ஊர்த் தண்ணீருக்கும் வேறு ஊர்த் தரைக்கும் சொல்லப்பட்டவை, அவ்வளவுதான். மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், போர் தண்ணீரில், கடப்பா கல் மேடை மேல் அதையே செய்தால் வேறு ஒன்று நடக்கும். அதனால் கீழே உள்ளதை வரிசையாகப் படிக்க வேண்டாம். உங்கள் வீட்டில் என்ன தெரிகிறதோ, அந்தத் தலைப்புக்குப் போங்கள். அடுத்து வரும் முதல் தலைப்பை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

கண் எரிகிறது, தொண்டை கரகரக்கிறது, இருமல் வருகிறது

இது வந்தால் மற்ற எதையும் ஆராய வேண்டாம். வீட்டில் இருப்பவர்களை அழைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். வரும் வழியில் ஜன்னல், கதவு இருந்தால் திறந்துவிடுங்கள். மூச்சு சீராகவில்லையென்றால் மருத்துவமனைக்குப் போங்கள்.

நடந்தது என்னவென்றால், ப்ளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் புளிப்பான ஏதோ ஒன்றை ஊற்றியிருப்பீர்கள். வினிகர், எலுமிச்சைச் சாறு, பயோ என்சைம் (பழத்தோலையும் வெல்லத்தையும் தண்ணீரில் புளிக்கவைத்து எடுப்பது), கடையில் வாங்கும் டாய்லெட் ஆசிட், எதுவானாலும் ப்ளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். பாத்ரூம் சின்னது, ஜன்னல் அதைவிடச் சின்னது. "இயற்கையானதுதானே, எதோட சேர்த்தா என்ன" என்ற நினைப்புதான் இங்கே ஆபத்து. காற்று முழுக்க மாறிய பிறகு வெறும் தண்ணீரை நிறைய ஊற்றி அலசுங்கள். அதை முறிக்கிறேன் என்று இன்னொன்றைக் கொண்டுபோய் ஊற்றாதீர்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் யாருக்காவது வாந்தி பேதி என்றால் வினிகரையும் பயோ என்சைமையும் ஓரமாக வைத்துவிட்டு, ப்ளீச்சிங் கரைசலையே பயன்படுத்துங்கள். நாம் வீட்டில் செய்வதெல்லாம் அழுக்கெடுக்கும். கிருமியை நம்பிக்கையாகக் கொல்லும் என்று நான் சொல்லமாட்டேன்.

துடைத்த பிறகு தரையிலோ மேடையிலோ வெள்ளைத் திட்டு

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று துடைத்தால் போகும், இன்னொன்று போகாது. முதலில் எது என்று பாருங்கள். ஆர்.ஓ. தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒரு திட்டைத் தேயுங்கள். காய்ந்த பிறகும் திட்டு திரும்பவில்லை என்றால் அது உப்பு. அதே இடத்தில் அதே வடிவத்தில் மறுபடி நின்றால், விரலால் தடவும்போது சுற்றியுள்ள வழவழப்பு அங்கே இல்லையென்றால், கல்லே அரித்துவிட்டது.

உப்பு என்றால் கவலை இல்லை. குடிநீருக்கான இந்தியத் தர அளவு ஐ.எஸ். 10500, கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை. நம் பக்கத்துப் போர்களில் பல அந்த முதல் எல்லைக்குள் அடங்காது. பாலாறு மணலாகக் கிடக்கிறது, நிலத்தடி நீர் கீழே போக உப்பு ஏறுகிறது. ராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் தோல் பதனிடும் கழிவும் சேர்ந்தது. அது 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போன கதை. இந்தத் தண்ணீரில் எதைக் கரைத்துத் துடைத்தாலும், தண்ணீர் ஆவியானதும் உப்பு தரையில் நிற்கும். வெயில் நேரத்தில் மாப் போட்டால் துடைக்கும் முன்பே காய்ந்து இன்னும் மோசமாகும். காலை ஏழு மணிக்குள் துடையுங்கள். கடைசி ஒரு பக்கெட்டாவது காவிரித் தண்ணீராக இருக்கட்டும். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வைத்தால் கண்ணாடி ஜன்னலுக்கு அதைவிட நல்ல தண்ணீர் கிடைக்காது, உப்பே இருக்காது. ஆர்.ஓ. கழிவு நீரை வீணாக்காமல் மாப்புக்கு எடுக்கிறோம் என்று சிலர் பெருமையாகச் சொல்கிறார்கள். மிச்சப்படுத்துவது நல்லதுதான், ஆனால் அது ஆர்.ஓ.வுக்குள் போன தண்ணீரைவிட உப்பு கூடிய தண்ணீர். அதை வாசல் தெளிக்கவும் பாத்ரூமுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

கல் அரித்திருந்தால் விஷயம் வேறு. இதை நான் என் அத்தை வீட்டில் கற்றேன். கல்யாணமான புதிதில், குடியாத்தத்தில் அவர்களுடைய சமையல் மேடையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. நான் மருமகள் அல்லவா, திறமையைக் காட்ட வேண்டாமா? அரை எலுமிச்சம்பழத்தில் உப்பைத் தொட்டு மேடை முழுக்கத் தேய்த்து, "ஊறட்டும்" என்று விட்டுவிட்டேன். அரை மணி கழித்துக் கழுவினால் கறுப்புக் கல்லில் சாம்பல் நிறத்தில் வட்ட வட்டமாகப் படை மாதிரி தழும்பு. "இன்னாம்மா இது, கல்லுக்குத் தேமல் வந்திருக்கு?" என்றார் அத்தை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அதுதான் அதிகம் சுட்டது.

கடப்பா கல் என்பது சுண்ணாம்புக் கல். புளிப்பு பட்டால் கரையும். மார்பிளும் அப்படியே. பழைய வீடுகளின் மொசைக் தரையில் மார்பிள் சில்லும் சிமெண்டும் இருப்பதால் அதுவும் அரிக்கும். சிவப்புக் காவித் தரை சிமெண்டில் போட்டது, அதற்கும் புளிப்பு ஆகாது. கிரானைட், செராமிக் டைல்ஸ் தாங்கும், ஆனால் டைல்ஸ் இடுக்கில் பூசிய சிமெண்ட் நாளடைவில் உதிரும். உங்கள் மேடை கடப்பாவா கிரானைட்டா என்று சந்தேகமா? அடுப்புக்குப் பின்னால் மறைவான மூலையில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு ஐந்து நிமிடம் பொறுத்துத் துடையுங்கள். மங்கல் தெரிந்தால் சுண்ணாம்புக் கல்.

அரித்த கல்லை எந்தக் கரைசலும் பழைய நிலைக்குக் கொண்டுவராது. பாலிஷ் போடும் ஆளைத்தான் கூப்பிட வேண்டும். தேங்காய் எண்ணெய் தடவினால் சில நாள் கறுப்பாகத் தெரியும், பிறகு தூசி ஒட்டிப் பிசுபிசுக்கும். இந்தக் கற்களுக்குப் பூந்திக்கொட்டைத் தண்ணீரோ, ஒரு லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவோ போதும்.

புஸ்ஸென்று பொங்கியது, அழுக்கு அப்படியே இருக்கிறது

சமையல் சோடாவையும் வினிகரையும் ஒரே பாட்டிலில் கலந்திருக்கிறீர்கள். காணொளியில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஒன்று காரம், ஒன்று புளிப்பு. சேர்ந்ததும் ஒன்றை ஒன்று தின்றுவிடும். பொங்கியது கரியமில வாயு, மிஞ்சியது கொஞ்சம் சோடியம் அசிடேட் கரைந்த தண்ணீர். கணக்கே போடலாம்: மளிகைக் கடை வினிகரில் ஐந்து சதவீதம் அமிலம் என்று வைத்தால், 100 மில்லி வினிகரைச் செல்லாக்காசாக்க ஏழு கிராம் சோடா போதும். அதாவது ஒன்றரை தேக்கரண்டிக்குக் கொஞ்சம் கீழே. மூடி போட்ட பாட்டிலில் கலந்தால் வெடிக்கவும் செய்யும்.

இரண்டையும் தனித்தனியாக வையுங்கள். எண்ணெய்ப் பிசுக்குக்குச் சோடா, உப்புப் படிவுக்கு வினிகர். சிங்க் அடைப்புக்கு மட்டும் பொங்கல் கொஞ்சம் உதவும், குழாயில் ஒட்டியதை அசைத்துக் கொடுக்கும். அதுகூட எண்ணெய் உறைந்த அடைப்பு என்றால் சுடுதண்ணீரே பாதி வேலையைச் செய்துவிடும். சோற்றுப் பருக்கை அடைப்புக்கு எதுவும் நடக்காது, கீழே இருக்கும் வளைவைக் கழற்றத்தான் வேண்டும்.

சோப்புக் கரைசலில் தயிர் திரிந்த மாதிரி

சோப்பைத் துருவிக் கரைத்து, மணத்துக்காக எலுமிச்சை பிழிந்தீர்களா? புளிப்பு சோப்பை உடைத்துக் கொழுப்பாகப் பிரித்துவிடும். எலுமிச்சை ஊற்றவே இல்லை, ஆனாலும் திரிகிறது என்றால் போர் தண்ணீர்: அதிலுள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காகிவிடுகிறது. பாத்ரூம் பக்கெட்டில் படியும் சாம்பல் நிற வழுவழுப்பு இதுவேதான். திரிந்ததைத் திருப்ப முடியாது. அடுத்த முறை நல்ல தண்ணீரில் கரையுங்கள், அல்லது சோப்பை விட்டுப் பூந்திக்கொட்டைக்கு மாறுங்கள்.

பூந்திக்கொட்டைத் தண்ணீர் நுரைக்கவில்லை

முதலில், எவ்வளவு நுரை எதிர்பார்க்கிறீர்கள்? கடைத் திரவம் போல இது பொங்காது. நுரை கொஞ்சமாக இருந்தாலும் அழுக்கெடுக்கும். இதிலுள்ள சபோனின், சோப்பு மாதிரி கால்சியத்தோடு சேர்ந்து திரிவதில்லை. நம் ஊர்த் தண்ணீருக்கு இது ஏற்ற பொருள் என்று நான் சொல்வது அதனால்தான்.

கொஞ்சம்கூட நுரை இல்லையென்றால் கொட்டையைப் பாருங்கள். லாங் பஜார் பக்கம் நாட்டுமருந்துக் கடையில் வாங்கும்போது தோல் தடித்து, பிசின் மாதிரி ஒட்டும் பழுப்பு நிறத்தில் இருக்க வேண்டும். உலர்ந்து தக்கையாக, பூச்சி ஓட்டை விழுந்தது வேண்டாம். நுரை தோலில்தான் இருக்கிறது, உள்ளே இருக்கும் கறுப்பு விதையை எடுத்துவிடுங்கள். பதினைந்து கொட்டையின் தோலை அரை லிட்டர் நல்ல தண்ணீரில் இரவு முழுக்க ஊறப்போட்டு, காலையில் பதினைந்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியதும் கசக்கிப் பிழிந்து வடிகட்டுங்கள். பெரிய பாத்திரமாக எடுங்கள், பொங்கி அடுப்பை நனைத்துவிடும். அவசரத்துக்கு ஊறவைக்காமல் கொதிக்கவைப்பவர்களுக்குத்தான் பெரும்பாலும் நுரை வருவதில்லை.

அடுத்த நாளே புளித்த வாடை அடிக்கிறதா? அது பழச்சாறு மாதிரிதான், கெடும். கத்திரி வெயிலில் வெளியே வைத்தால் ஒரே நாள். ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். நான் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, பாத்திரம் துலக்க இரண்டு கட்டியை எடுத்துக்கொள்கிறேன். குழந்தைகள் குல்பி என்று நினைக்காதபடி தட்டின் மேல் எழுதி வையுங்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை நடந்தது, கசப்பில் பையன் போட்ட கூச்சல் எதிர் வீடு வரை கேட்டது.

வெள்ளைத் துணியில் மஞ்சள் சாயம் ஏறினால் கரைசல் கெட்டியாகிவிட்டது. தண்ணீர் கூட்டி, கடைசியில் இரண்டு முறை அலசுங்கள். கண்ணில் பட்டால் பயங்கரமாக எரியும். மீன் தொட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், சபோனின் மீனைக் கொல்லும்.

பயோ என்சைம் பாட்டில் உப்புகிறது

பிழை இல்லை, உள்ளே வேலை நடக்கிறது. ஈஸ்ட் வெல்லத்தைத் தின்று கரியமில வாயுவையும் சாராயத்தையும் விடுகிறது, பிறகு பாக்டீரியா அதை வினிகர் மாதிரி அமிலமாக்குகிறது. எல்லோரும் சொல்லும் அளவு ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு பழத்தோல், பத்துப் பங்கு தண்ணீர், மூன்று மாதம். அதாவது 100 கிராம் வெல்லம், 300 கிராம் தோல், ஒரு லிட்டர் தண்ணீர். இது இரண்டு லிட்டர் பாட்டிலில் போனால் வாயுவுக்கு இடம் இருக்கும்.

"முதல் மாதம் தினம் ஒருமுறை மூடியைத் திறந்து மூடுங்கள்" என்பார்கள். வேலூர் வெயிலுக்கு அது போதாது. சித்திரையில் போட்டால் முதல் இரண்டு வாரம் காலை ஒரு முறை, மாலை ஒரு முறை. நான் போட்ட முதல் பாட்டில் கண்ணாடி ஊறுகாய் ஜாடி. பரணில் வைத்துவிட்டு இரண்டு நாள் காட்பாடியில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தால் சமையலறைக் கூரையில் பழுப்புத் துளி, தரையெல்லாம் கண்ணாடி, எறும்புத் திருவிழா. அன்றிலிருந்து பிளாஸ்டிக்தான். கண்ணாடியில் வேண்டவே வேண்டாம்.

பயோ என்சைமில் வாயுவே வரவில்லை

குழாய்த் தண்ணீரில் குளோரின் அதிகமாக இருந்திருக்கலாம். ஒரு இரவு அகலமான பாத்திரத்தில் திறந்து வைத்த தண்ணீரை எடுங்கள். அல்லது வெல்லம். மண்டித் தெருவில் வாங்கும்போது பளிச்சென்ற மஞ்சள் வெல்லத்துக்குக் கை போகும். நிறம் வர ஹைட்ரோஸ் என்ற வெளுக்கவைக்கும் ரசாயனம் போட்டிருக்க வாய்ப்புண்டு. இதற்குக் கறுத்த வெல்லம் போதும், மலிவும்கூட. பத்து நாளாகியும் ஒரு குமிழிகூட இல்லையென்றால் ஒரு கைப்பிடி புதுத் தோலும் ஒரு துண்டு கறுத்த வெல்லமும் போட்டுக் குலுக்கி இன்னும் ஒரு வாரம் பாருங்கள்.

மேலே ஏதோ படர்ந்திருக்கிறது, வாடை சரியில்லை

வெள்ளையாக, மெல்லிய ஆடை மாதிரி இருந்தால் ஈஸ்ட். கலக்கிவிட்டு மூடுங்கள். பச்சை, கறுப்பு நிறத்தில் பஞ்சு மாதிரி இருந்தால் பூஞ்சை. தோல் தண்ணீருக்கு மேலே மிதந்ததால் வந்தது. சின்னத் திட்டு என்றால் வழித்தெடுத்துவிட்டு வெல்லம் சேர்த்துக் காப்பாற்றுகிறவர்கள் உண்டு. நான் கொட்டிவிடுவேன். மூச்சுத் தொந்தரவு இருக்கும் பெரியவர்கள் உள்ள வீட்டில் அந்தச் சோதனை எதற்கு?

வாடை விஷயத்தில் மூக்கை நம்பலாம். ஊறுகாயும் பழைய கள்ளும் கலந்த மாதிரி புளித்த வாடை வந்தால் சரி. சாக்கடை, அழுகிய முட்டை வாடை வந்தால் வெல்லம் குறைந்துவிட்டது, அல்லது சமைத்த மிச்சமோ வெங்காயத் தோலோ உள்ளே போயிருக்கிறது. வெல்லம் சேர்த்து ஒரு வாரம் பொறுங்கள், மாறாவிட்டால் தென்னை மரத்தடியில் குழி தோண்டி ஊற்றிவிடுங்கள். ஜூஸ் கடையில் கேட்டால் சாத்துக்குடித் தோலைப் பை நிறையத் தருவார்கள். காலையில் பிழிந்ததைக் கேளுங்கள், சாயங்காலம் வரை வெயிலில் கிடந்தது வேண்டாம். புழு நெளிந்தால் மூடி சரியாக இல்லை, ஈ முட்டையிட்டிருக்கிறது. அதுவும் மரத்தடிக்கே.

துடைத்த தரை பிசுபிசுக்கிறது, எறும்பு வருகிறது

முழுக்கப் புளிக்காமல் எடுத்துவிட்டீர்கள், இன்னும் சர்க்கரை மிச்சமிருக்கிறது. இதற்கு என்னுடைய சோதனை எறும்புதான். எறும்பு ஓடும் வழியில் இரண்டு சொட்டு விடுங்கள். கூட்டம் கூடினால் இன்னும் இரண்டு வாரம் மூடி வையுங்கள். மொய்க்காமல் விலகிப் போனால் வடிகட்டலாம். தரைக்கு ஒரு பக்கெட் தண்ணீரில் ஒரு மூடி போதும். கெட்டியாக ஊற்றினால் நன்றாகப் புளித்ததுகூட ஒட்டும். கடப்பா, மார்பிள், மொசைக்குக்கு இதுவும் புளிப்புதான் என்பதை மறக்க வேண்டாம்.

பித்தளை விளக்கு இளஞ்சிவப்பாகிவிட்டது, அலுமினியம் கறுத்துவிட்டது

புளியை அதிக நேரம் ஊறவிட்டால் பித்தளையிலுள்ள துத்தநாகம் கரைந்து, மேலே செம்பு மட்டும் தெரியும். அதுதான் அந்த ரோஜா நிறம். சலித்த விபூதியையோ நைசான சாம்பலையோ உலர்வாக வைத்து அழுத்தித் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும். அடுத்த முறை புளியில் கொஞ்சம் உப்பு சேர்த்துத் தேய்த்து, ஐந்து நிமிடத்துக்குள் கழுவி, உடனே துணியால் துடையுங்கள். போர் தண்ணீரில் கழுவித் தானாகக் காயவிட்டால் சாயங்காலமே புள்ளி விழும், வெள்ளிக்கிழமை விளக்கு வியாழக்கிழமை விளக்கு மாதிரி இருக்கும்.

அலுமினியக் குண்டானுக்குச் சோடாவும் சாம்பலும் ஆகாது, காரத்தில் கறுக்கும். கறுத்ததில் புளித் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள், வெளுத்துவரும்.

குழாயிலும் ஷவரிலும் உப்பு போகவே இல்லை

தெளித்துத் துடைத்தால் போகாது, அது ஊற வேண்டும். குழாயில் வினிகரில் நனைத்த துணியைச் சுற்றி அரை மணி நேரம் விடுங்கள். இரவு முழுக்க விட்டால் குரோம் பூச்சு மங்கும். ஷவர் தலையைக் கழற்ற முடியுமென்றால், ஒரு லிட்டர் சுடுதண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பைக் கரைத்து அதில் போடுங்கள். சிட்ரிக் ஆசிட் என்று கேட்டால் மளிகைக் கடையில் கொடுப்பார்கள். வினிகரைவிட மலிவு, வாடையும் இல்லை. ஒரு மணி நேரம் கழித்துப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் துளைகளைத் தேயுங்கள். அடைத்த துளையைக் குத்த ஊசியை எடுக்காதீர்கள், துளை பெரிதாகித் தண்ணீர் ஒரு பக்கமாகப் பீய்ச்சும். எங்கள் ஷவர் இன்றுவரை சுவரைத்தான் குளிப்பாட்டுகிறது.